பிள்ளைகளை எவ்வளவு தூரம் விடலாம்?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், கிராமப் பொறுப்பாளர்கள் சார்பாகப் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காகப் பேசியபடியே தருகிறோம்.)



காலையிலிருந்து வரவு செலவு, கடன் நிலுவை, அடுத்த வருஷத் திட்டம் என்று கணக்காகவே பேசிக்கொண்டிருக்கிறோம். அதெல்லாம் அவசியம்தான். ஆனால் சங்கக் கூட்டம் முடிந்து, நோட்டுகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புகிற நேரத்தில் நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம்? பிள்ளைகளைப் பற்றித்தான்.

"மக பன்னிரண்டாவது முடிச்சிட்டா. திருச்சியில காலேஜ், ஹாஸ்டல்ல இருந்து படிக்கிறேங்கிறா. அவுக அப்பா வெளிநாட்டுல இருக்காக. தனியா எப்படி முடிவு எடுக்கிறது?"

"பயலுக்கிட்ட போனை வாங்கினா அன்னைக்கு வீட்டுல சோறு இல்லை, சண்டைதான்."

"நம்மளையெல்லாம் யாரு இப்படிக் காவல் காத்தா? விடியக் கிளம்பினா பொழுது சாஞ்சுதான் வருவோம். கெட்டா போயிட்டோம்?"

இந்தப் பேச்சு எதுவும் தீர்மான நோட்டில் ஏறுவதில்லை. வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் நம்ம மனசை அரிக்கிறது இதுதான். அதனால் கடந்த சில மாசமாகச் சங்கக் கூட்டங்களில் இதற்கென்று அரைமணி நேரம் ஒதுக்கிப் பேசச் சொன்னோம். பெத்தவங்க பிள்ளைகளை எவ்வளவு தூரம் விடலாம்? அப்போது எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது? பல ஊர்களில் உறுப்பினர்கள் சொன்னதை ஒன்றாகச் சேர்த்து இங்கே வைக்கிறோம். உபதேசம் செய்ய வரவில்லை. கேட்டுவிட்டு உங்கள் ஊரில் பேசுங்கள்.

அந்தக் காலம் என்கிறோமே...

இங்கே 45, 50 வயசுக்கு மேல் இருக்கிற சகோதரிகள் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆடு ஓட்டிக்கொண்டு பொட்டலுக்குப் போனோம். சூராம்பழம், காரைப்பழம், ஈச்சம்பழம் எது எந்தப் புதரில் பழுக்கும் என்று தெரியும். முந்திரிக்காட்டில் பழம் தின்று தொண்டை கரகரத்தது. கண்மாயில் தண்ணி வந்தால் வீட்டில் இருந்தது கிடையாது. சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, இல்லாவிட்டால் வாழைமட்டையைப் பிடித்து நீச்சல் பழகினோம். கடைக்குப் போய் அரைப்படி உப்பும் சீயக்காயும் வாங்கி, மிச்சக் காசை எண்ணி முந்தியில் முடிந்து வந்தோம். ஏழு வயசில் இதெல்லாம் செய்தோம்.

கேட்கவே சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் சங்கங்களில் பேசும்போது மூத்த உறுப்பினர்கள் இன்னொரு பக்கத்தையும் சொன்னார்கள். அதையும் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

அன்றைக்கு யாரும் உட்கார்ந்து யோசித்து நமக்குச் சுதந்திரம் கொடுக்கவில்லை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் கல்லுடைக்கவும் போய்விடுவாள். வீட்டில் ஆறு பிள்ளை, ஏழு பிள்ளை. மூத்தவள் இடுப்பில் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் பாண்டி ஆடினாள். பிள்ளை அழுதால் ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடணும். ஆடு மேய்த்தது விளையாட்டு இல்லை, வேலை. அந்த வேலைக்காகவே பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர் இருக்கிறோம்!

கிணற்றில் விழுந்தது, பாம்பு கடித்தது, காய்ச்சலில் போனது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கும். "நாங்கள்லாம் நல்லாத்தானே வளர்ந்தோம்" என்று சொல்கிறோம். நல்லா வளர்ந்து வந்தவர்கள்தான் இன்றைக்கு உட்கார்ந்து பேசுகிறோம். வராதவர்கள் பேச முடியாது.

இன்னொன்று. அந்த ஓட்டம், ஆட்டம் எல்லாம் பெண் பிள்ளைக்கு எதுவரைக்கும்? வயசுக்கு வருகிற வரைக்கும்தான். ஓலைக் குடிசையில் உட்கார வைத்த அன்றைக்கே கண்மாயும் முடிந்தது, பள்ளிக்கூடமும் முடிந்தது. அண்ணன் தம்பி அதே கண்மாயில் குதித்துக்கொண்டிருப்பான், சத்தம் வீட்டுக்குள் கேட்கும். மாப்பிள்ளை யார் என்று கேட்டதில்லை. "சொல்லிட்டோம், தலையாட்டு" அவ்வளவுதான். அதனால் அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குச் சுதந்திரம் இருந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. கால் நடக்கச் சுதந்திரம் இருந்தது. வாழ்க்கையில் எந்தப் பக்கம் போவது என்று சொல்லச் சுதந்திரம் இல்லை.

இன்றைக்கு இது அப்படியே தலைகீழாக இருக்கிறது. எந்தக் காலேஜ், என்ன படிப்பு என்று பிள்ளைகளைக் கேட்கிறோம். என்ன துணி வேண்டும் என்று கேட்கிறோம். ஆனால் அடுத்த தெருவுக்குத் தனியாக அனுப்பப் பயப்படுகிறோம்.

பயம் எங்கேயிருந்து வந்தது?

பயம் சும்மா வரவில்லை. காரணம் இருக்கிறது.

முதல் காரணம், பிள்ளைகள் குறைந்துவிட்டது. 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. ஒன்று, இரண்டு பெற்று, கண்ணுக்குள் வைத்து வளர்க்கிறோம். கூடப் போக அக்காவும் இல்லை, சித்தி பிள்ளைகளும் பக்கத்தில் இல்லை.

இரண்டாவது, ஊர் மாறிவிட்டது. அன்றைக்கு ரோட்டில் மாட்டுவண்டியும் நாளைக்கு மூன்று முறை பஸ்ஸும்தான். இன்றைக்கு மணல் லாரியும் டூவீலரும் பறக்கிறது. பொட்டல் என்று இருந்த இடமெல்லாம் தைலமரமாகிவிட்டது. கண்மாயைப் பாருங்கள். முன்பு கரையிலிருந்து இறங்கினால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆழம் கூடும். முழங்கால், இடுப்பு, கழுத்து என்று பிள்ளைக்கே தெரியும். இப்போது ஜேசிபி வைத்து மண் அள்ளியதில் ஓர் அடி தள்ளிக் கால் வைத்தால் ஆள் முழுகுகிற பள்ளம். தண்ணி நிறைந்து நின்றால் மேலே ஒன்றும் தெரியாது. நீச்சல் தெரிந்தவனே திணறுவான். 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளை கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நாலு நாள் நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அந்தப் பிள்ளை உயிரோடு வரவில்லை. அதைப் பார்த்த தாய் எவளும் பிள்ளையை வெளியே விடும்போது ஒரு நிமிஷம் நினைக்காமல் இருக்க மாட்டாள்.

மூன்றாவது காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். நம்ம பக்கம் பல வீடுகளில் ஆம்பளைகள் சிங்கப்பூர், மலேசியா, அரபு நாடு என்று போயிருக்கிறார்கள், இல்லையென்றால் திருப்பூரில் இருக்கிறார்கள். பிள்ளை வளர்ப்பது முழுக்க அம்மா தலையில். பிள்ளை நன்றாக வந்தால் "அப்பன் கஷ்டப்பட்டு அனுப்பினான்" என்பார்கள். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் "தாய் வளர்ப்பு சரியில்லை" என்பார்கள். இந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் பல அம்மாக்கள் பிள்ளையை இறுக்கிப் பிடிக்கிறார்கள். பிள்ளைக்கு ஆபத்து வரும் என்கிற பயம் பாதி, நம்ம பேர் கெட்டுவிடும் என்கிற பயம் பாதி. இரண்டையும் பிரித்துப் பார்க்கணும். ஆபத்துக்குப் பயந்து பிள்ளையை நிறுத்தினால் அது அக்கறை. ஊர் வாய்க்குப் பயந்து நிறுத்தினால் தண்டனை பிள்ளைக்குத்தான்.

ஊர்க் கண்ணும் மாறிவிட்டது. அன்றைக்கு எந்தத் தெருவில் பிள்ளை நின்றாலும் ஒரு அப்பத்தா, "யாரு வீட்டுப் பிள்ளைடா நீ, வெயில்ல நிக்கிற, வந்து கஞ்சி குடி" என்று கூப்பிடும். இன்றைக்கு அதே கண் பார்க்கிறது, ஆனால் கூப்பிடுவதில்லை. அடுத்த வீட்டில் போய்ச் சொல்லுகிறது.

விட வேண்டிய இடமும் பிடிக்க வேண்டிய இடமும்

பிள்ளைகளை இறுக்கிப் பிடிக்கிற வீடுகளிலேயே வேறொரு பக்கம் கயிறு அவிழ்ந்து கிடப்பதையும் பார்க்கிறோம்.

பத்து வயசுப் பையனைக் கடைக்கு அனுப்ப மாட்டோம். ஆனால் 15 வயசில் அப்பா வாங்கி அனுப்பிய பைக்கை எடுத்துக்கொண்டு மூன்று பேரை ஏற்றிப் போகிறான். "ஆம்பளைப் பிள்ளை, ஓட்டிப் பழகட்டும்" என்கிறோம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயசு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி விபத்து நடந்தால், தண்டனை பெத்தவங்களுக்கோ வண்டிக்காரருக்கோ வரும். 25,000 ரூபாய் அபராதம், 3 வருஷம் வரை ஜெயில். அந்தப் பிள்ளைக்கு 25 வயசு வரை லைசென்சும் கிடைக்காது. சட்டத்துக்குப் பயப்படணும் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த வயசில் வண்டியில் போய்த் திரும்பி வராத பையன்கள் எந்த ஊரில் இல்லை?

கண்மாய்ப் பக்கம் போகாதே என்று வீட்டுக்குள் வைத்திருக்கிறோம். ஆனால் அந்த வீட்டுக்குள்ளேயே ராத்திரி 11 மணி வரைக்கும் போர்வைக்குள் போன் வெளிச்சம் தெரிகிறது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் மூடினபோது, படிப்பு போனில்தான் என்றார்கள். கடன் வாங்கிப் போன் வாங்கிக் கொடுத்தோம். சின்ன வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பரில். பள்ளிக்கூடம் திறந்தது, போன் மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

பெண் பிள்ளை விஷயத்தில் இன்னும் விசித்திரம். அஞ்சு மைல் தள்ளி மேல்நிலைப் பள்ளி, பஸ்ஸில் போய்வரணும், அதனால் வேண்டாம் என்று நிறுத்திய வீடுகளிலேயே, புரோக்கர் வந்து "மூணு வருஷம் மில்லுல வேலை பாத்தா முடிவில கல்யாணத்துக்கு மொத்தப் பணம்" என்று சொன்னதும் அனுப்பி வைத்தார்கள். 2000ஆம் வருஷத்தை ஒட்டி மேற்கு மாவட்டத்து நூல் மில்களுக்கு இப்படிப் போன பிள்ளைகள் ஏராளம். ஹாஸ்டலைப் பூட்டி வைத்திருப்பார்கள், வாரத்துக்கு ஒருமுறை போன், ராத்திரி ஷிப்டு. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் பயமாக இருந்தது. இருநூறு கிலோமீட்டர் தள்ளி முகம் தெரியாத இடம் பயமாக இல்லை. ஏன்? அங்கே பூட்டு இருக்கிறது, ஊர் பேசாது. பிள்ளையின் பாதுகாப்பும் வீட்டின் கௌரவமும் ஒன்று இல்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அப்புறம், அண்ணன் தம்பி விஷயம். எட்டாவது படிக்கிற தம்பி, காலேஜ் போகிற அக்காவைப் பார்த்து "யார்கூட பேசினே, போனைக் காட்டு" என்கிறான். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள், "ஆம்பளை பார்" என்று. இது சிரிக்கிற விஷயம் இல்லை. இன்றைக்கு அக்காவிடம் கேட்பவன் நாளைக்குப் பெண்டாட்டியிடம் கேட்பான். நாம் சங்கத்துக்கு வந்த புதிதில் நம்மை நிறுத்திய குரல் இப்படித்தான் ஒவ்வொரு வீட்டிலும் வளர்ந்தது.

நம்ம மாவட்டத்துச் சைக்கிள்

பயத்தை எப்படித் தாண்டுவது என்பதற்கு வெளியூர்க் கதை தேட வேண்டாம். நம்ம புதுக்கோட்டையிலேயே இருக்கிறது. 1991இல் அறிவொளி இயக்கம் வந்தது. எழுத்து சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பக்கபலமாக நின்றார். வங்கிகளைப் பெண்களுக்குச் சைக்கிள் கடன் கொடுக்கச் சொன்னார். "பொம்பளை கால் தூக்கிச் சைக்கிள் ஏறுறதா?" என்று தெருமுனையில் கிண்டல் பேசினார்கள். கெட்ட வார்த்தை பேசினார்கள். பெண்கள் விடவில்லை. சைக்கிள் பழகிய பெண்கள் லட்சத்தைத் தாண்டியது என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

அதில் நமக்கு என்ன பாடம்? அன்றைக்குப் பழகிய பெண் தண்ணிக்குடத்தைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தாள், காய்கறி ஏற்றிச் சந்தைக்குப் போனாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டாள், பஸ்ஸுக்குக் காத்து நிற்கவில்லை. ஊர் பேசினது கொஞ்ச நாள்தான். பிறகு பேசின வீட்டுப் பெண்களே ஓட்டினார்கள். 2005-06 முதல் பதினோராம் வகுப்பு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் விலையில்லாச் சைக்கிள் என்று ஆனபோது, "பொட்டப்பிள்ளைக்கு எதுக்குச் சைக்கிள்" என்று நம்ம மாவட்டத்தில் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. முதலில் அம்மாக்கள் ஏறினார்கள், அதனால் மகள்கள் ஏறினார்கள். 2021இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததும், 2022இல் அரசுப் பள்ளியில் படித்துக் காலேஜ் போகிற பெண்களுக்கு மாசம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டம் வந்ததும் அதே வழியில்தான். வழி இருக்கிறது, வண்டி இருக்கிறது. வாசலைத் திறப்பது மட்டும்தான் நம்ம கையில் இருக்கிறது.

சங்கத்தில் கற்றதைப் பிள்ளைகளிடம் செய்வோம்

சரி, எவ்வளவு விடுவது? ஒரேயடியாக அவிழ்த்து விடுவதா? அதுவும் இல்லை. இதற்குப் பதில் நம்ம சங்கத்திலேயே இருக்கிறது.

ஒரு புது உறுப்பினர் வந்ததும் ஐம்பதாயிரம் கடன் கொடுத்துவிடுகிறோமா? இல்லை. முதலில் சேமிப்பு. பிறகு சங்கக் கடன் ஐந்நூறு, ஆயிரம். அதைச் சரியாகக் கட்டினால் கொஞ்சம் கூட. ஆறு மாசம் பார்த்து, நோட்டெல்லாம் சரியாக இருந்து, தர மதிப்பீடு முடிந்த பிறகுதான் வங்கிக் கடன். நாமும் அப்படித்தான் வளர்ந்தோம். முதல் தடவை வங்கிக்கு ஐந்து பேர் சேர்ந்து போனோம். பிறகு ஊக்குநரும் பிரதிநிதியும் இரண்டு பேர். இன்றைக்கு ஒரே ஆள் போய் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்கிறோம்.

பிள்ளைக்கும் இதே கணக்குதான். வயசுக்கு ஏற்ற மாதிரி, சின்னதாகக் கொடுத்து, பார்த்து, கூட்டிக்கொண்டே போகணும். சங்கங்களில் பேசி எல்லோரும் ஒத்துக்கொண்டதைச் சொல்கிறோம்.

6 முதல் 8 வயசு வரை: தன் தட்டைக் கழுவுவது, பையை அடுக்குவது, நம்ம தெருக் கடையில் இரண்டு சாமான் வாங்கி மிச்சக் காசு எண்ணிக் கொண்டுவருவது. அம்மா பேர், ஊர் பேர், போன் நம்பர் மனப்பாடமாகத் தெரியணும். யாரும் தொடக்கூடாத இடம் எது, யாராவது தொட்டால் சத்தம் போட்டுவிட்டு வந்து சொல்லணும் என்பதை இந்த வயசிலேயே சொல்லிக் கொடுக்கணும். ஆண் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். 2012ஆம் வருஷப் போக்சோ சட்டம் இரண்டு பேருக்கும் பொது.

9 முதல் 11 வரை: கூட்டாளிகளோடு நடந்து பள்ளிக்கூடம் போவது, சாயங்காலம் வெளியில் விளையாடிவிட்டுச் சொன்ன நேரத்துக்குத் திரும்புவது. நீச்சலும் சைக்கிளும் இந்த வயசில் கட்டாயம். பெண் பிள்ளைக்குக் கட்டாயம் இரண்டு மடங்கு.

12 முதல் 14 வரை: பக்கத்து ஊருக்குத் தனியாகப் பஸ்ஸில் போய்வருவது, போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டுவது, ஒரு வேளைச் சமையல். ஆண் பிள்ளையும் சமைக்கணும். வயசுக்கு வந்தது எதையும் நிறுத்துவதற்குக் காரணம் ஆகக்கூடாது.

15 முதல் 17 வரை: எந்தக் குரூப், எந்தப் படிப்பு என்பதில் பிள்ளை முதலில் பேசட்டும், நாம் பிறகு பேசுவோம். வீட்டு வரவு செலவை அவர்கள் முன்னால் வைத்துப் பேசலாம். அப்பா அனுப்புகிற பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்த பிள்ளை பைக் கேட்பதற்கு முன்னால் யோசிக்கும்.

இதில் ஒன்று கவனிக்கணும். ஒரு உறுப்பினர் ஒரு தவணை தவறிவிட்டால் நாம் சங்கத்தை விட்டா நீக்குகிறோம்? உட்காரவைத்து என்ன ஆச்சு என்று கேட்கிறோம். தவணையைக் குறைத்துக் கட்டச் சொல்கிறோம். பிள்ளை ஒருநாள் லேட்டாக வந்தால், ஒரு பொய் சொன்னால், உடனே படிப்பு நிறுத்தம், போன் உடைப்பு, அடி என்று போகாதீர்கள். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பார்கள். முருங்கை ஒடிந்தால் திரும்பத் துளிர்க்கும். அடிபட்ட பிள்ளை அடுத்த தடவை நன்றாகப் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான் பலன்.

சொல்ல முடிகிற வீடு

ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். ஊர் பேர் வேண்டாம். பதினோராவது படிக்கிற பிள்ளை. போனில் அறிமுகமான ஒருவன் நட்பாகப் பேசி, ஒரு போட்டோவை வாங்கிக்கொண்டு, பிறகு மிரட்ட ஆரம்பித்தான். பிள்ளை நாலு மாசம் வாயைத் திறக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, மார்க் குறைந்தது. வீட்டில் "போனைப் பார்த்தே கெட்டுப்போச்சு" என்று திட்டினார்கள். கடைசியில் சங்க உறுப்பினரான அவள் சித்தியிடம் சொன்னாள். சித்தி கேட்ட முதல் கேள்வி, "ஏன் தாயி இத்தனை நாள் சொல்லலை?" பிள்ளை சொன்ன பதில், "சொன்னா பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கல்யாணம் பண்ணி வச்சிருவீங்க."

சகோதரிகளே, இந்தப் பதிலை யோசித்துப் பாருங்கள். அவனுக்குப் பயந்ததைவிட அந்தப் பிள்ளை நமக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறது. மிரட்டுகிறவனுக்கு அந்தப் பயம்தான் பலம். வீட்டில் சொல்லமாட்டாள் என்று தெரிந்துதான் மிரட்டுகிறான். சித்தி அவளை அடிக்கவில்லை, போனில் வந்ததை அழிக்கவும் விடவில்லை. அம்மாவையும் அழைத்துக்கொண்டு மகளிர் காவல் நிலையம் போனார்கள். ஆள் சிக்கினான். பிள்ளை இப்போது நர்சிங் படிக்கிறாள்.

பயத்தில் கல்யாணம் செய்து வைப்பது பாதுகாப்பு இல்லை. 2006ஆம் வருஷச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகாமல் கல்யாணம் செய்வது குற்றம். அப்படியிருந்தும் 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயசுக்குள் இருந்த பெண்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 13 பேர் 18 வயசுக்கு முன்னால் கல்யாணம் ஆனவர்கள். அதில் எத்தனை கல்யாணம், "யாரோடோ பேசினாளாம்" என்ற ஒரு சொல்லில் நடந்திருக்கும்!

போனுக்கு ஒரு வழி சொல்கிறோம். ராத்திரி 9 மணிக்கு வீட்டில் இருக்கிற எல்லாப் போனும் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். எல்லாப் போனும் என்றால் அம்மா போனும்தான். நாம் சீரியல் பார்த்துக்கொண்டு பிள்ளையை மட்டும் வையச் சொன்னால் நடக்காது. பிள்ளைக்குத் தெரியாமல் போனைத் திறந்து பார்ப்பதைவிட, "இன்னைக்கு என்ன பாத்தே, எனக்கும் காட்டு" என்று பக்கத்தில் உட்காருங்கள். குழந்தைகளுக்கு எந்த ஆபத்து என்றாலும் 1098க்குப் போன் செய்யலாம், இலவசம். போன் வழியாகப் பண மோசடி நடந்தால் 1930. இந்த இரண்டு நம்பரையும் சங்கக் கட்டிடச் சுவரில் எழுதுங்கள்.

ஊரைச் சரிசெய்தால் பிள்ளையை விடலாம்

ஒரு தாய் மட்டும் தனியாகத் தைரியமாக இருந்தால் போதாது. ஊர் பாதுகாப்பாக இருந்தால்தான் பிள்ளையை வெளியே விட முடியும். ஊரைச் சரிசெய்வது சங்கத்தால் முடியும். அதற்காகச் சில வேலைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று, ஒவ்வொரு ஊரிலும் கைவிட்ட ஆழ்துளைக் கிணறு, சுவர் இல்லாத கிணறு எத்தனை என்று நடந்து போய் எண்ணிப் பட்டியல் எடுப்போம். அடுத்த கிராமசபையில் மனுவாகக் கொடுத்து, தீர்மானத்தில் ஏற்றுகிற வரைக்கும் உட்கார்ந்திருப்போம். நம்ம தோட்டத்தில் இருந்தால் முதலில் அதை மூடுவோம்.

இரண்டு, கண்மாயில் மண் அள்ளிய பள்ளம் எங்கே என்று தண்ணி வருவதற்கு முன்னால் பார்த்துக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுவோம். மே மாசத்தில், நீச்சல் தெரிந்த பெரியவர்கள் பத்துப் பதினைந்து பிள்ளைகளைச் சேர்த்து, ஆழம் தெரிந்த கிணற்றில் கயிறு கட்டிப் பழக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு நம்மிலேயே நீச்சல் தெரிந்த அக்காமார் எத்தனை பேர் இருக்கிறோம்!

மூன்று, பஸ் ஸ்டாப்பிலிருந்து ஊருக்குள் வருகிற வழியில் எரியாத தெருவிளக்கு எத்தனை? சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வருகிற பிள்ளைக்கு ஒரு விளக்கு பத்து அறிவுரைக்குச் சமம்.

நாலு, தெருவில் ஒரு பிள்ளை தனியாக நின்றால் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் கூப்பிட்டு விசாரிப்போம். பார்த்ததை அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் மட்டும் சொல்வோம். அடுத்த வீட்டில் சொல்ல மாட்டோம் என்று சங்கத்தில் உறுதி எடுப்போம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. அடுத்த மாசத்திலிருந்து ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும், சேமிப்பு வசூல் முடிந்ததும் ஒவ்வொரு உறுப்பினரிடமும் ஒரு கேள்வி கேட்போம். "இந்த மாசம் உங்க பிள்ளை தானாகப் புதுசா என்ன செஞ்சுச்சு?" தனியாகப் பஸ்ஸில் போய்வந்தான் என்றோ, பேங்கில் சலான் நிரப்பினாள் என்றோ, ரசம் வைத்தான் என்றோ ஒரு வரி போதும். அதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். பணம் சேருகிற மாதிரி அதுவும் சேரும். ஒரு வருஷம் கழித்து இதே பொதுக்கூட்டத்தில் எல்லாச் சங்கத்து நோட்டையும் திறந்து படிப்போம்.